கோப்புப் பெயரும் குறியேற்றமும்

கேள்வி: தமிழில் பெயரிட்ட கோப்பை வேறோர் இயங்குதளத்துக்கு நகலெடுத்தபின், அதே பெயரைத் தட்டச்சு செய்தாலும் ‘கோப்பு இல்லை’ என்று வருவது ஏன்?

பதில்: திரையில் ஒன்றாகத் தோன்றும் பெயர், கணினியின் உள்ளே இருவேறு குறியீட்டுத் தொடர்களாக இருக்கக்கூடும் என்பதே இதற்குப் பெரும்பாலும் காரணம். ‘கோ’ என்பதிலுள்ள ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவோ, ஏகாரக் குறி, கால் என இரு குறியீடுகளாகவோ எழுத யூனிகோட் இடமளிக்கிறது. முன்னது சேர்ந்த வடிவம், பின்னது பிரிந்த வடிவம். மேக் கணினிகளின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் கோப்பு முறைமை பெயர்களைப் பிரிந்த வடிவத்துக்கு மாற்றியே சேமித்தது. லினக்ஸ் பெயரைப் பொதுவாக வெறும் பைட் வரிசையாகவும், விண்டோஸ் 16 பிட் அலகுகளின் வரிசையாகவும் கொண்டு, வடிவத்தை மாற்றாமல் காப்பதால், அவற்றில் இவ்விரண்டும் வெவ்வேறு கோப்புகளாகின்றன. நீளத்திலும் வேறுபாடு உண்டு: விண்டோஸின் என்டிஎஃப்எஸ் ஒரு பெயருக்கு 255 அலகுகள் வரை ஏற்க, லினக்ஸின் எக்ஸ்ட்4 255 பைட்டுகளையே ஏற்பதால், யுடிஎஃப்-8 குறியேற்றத்தில் ஒவ்வொன்றும் 3 பைட் கொள்ளும் தமிழ்க் குறியீடுகள் அதில் 85 மட்டுமே அடங்கும். ஆகவே நிரல் எழுதுவோர், பெயர்களை ஒப்பிடும்போது இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொணர்ந்து, அதாவது இயல்பாக்கி, ஒப்பிடுவதும், கோப்பைத் திறக்கும்போது இயங்குதளம் தந்த பெயரை மாற்றமின்றிப் பயன்படுத்துவதுமே முறை.