ஒரே முறைவழியாக்கி, வேறு குசினி

தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடவேளையொன்றில் எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தி கேட்ட கேள்வியிலிருந்து இந்தக் கட்டுரை பிறந்தது. எக்ஸ்பொக்ஸ் என்ற விளையாட்டுப் பெட்டியை மைக்ரோசொப்ட் நிறுவனம் 2001 நவெம்பரில் வெளியிட்டது. அதனுள் இருந்தது இண்டெலின் பென்டியம் 3 குடும்பத்தைச் சேர்ந்த 733 மெகாஹேற்ஸ் முறைவழியாக்கி. எங்கள் ஆய்வுகூடக் கணினிகளும் அதே குடும்ப வழியில் வந்தவைதாம். வேகமோ பல மடங்கு. "அப்படியானால் அந்தப் பெட்டியின் இறுவட்டை இந்தக் கணினியில் போட்டவுடன் விளையாட்டு ஓட வேண்டுமே, ஏன் ஓடுவதில்லை?" என்று அவள் கேட்டாள். வகுப்பில் யாரிடமும் சரியான விடை இருக்கவில்லை.

விடையை நான் முதலில் விளங்கிக்கொண்டது குசினியில்தான். என் உம்மும்மா வட்டிலாப்பத்துக்கு எழுதிவைத்த குறிப்பொன்று எங்கள் வீட்டில் இருக்கிறது. அதில் ஒரு வரி: "மேல் றாக்கையில் இடப்பக்கப் பேணியிலிருந்து அரைக் கரண்டி." அவரது குசினியில் அந்தப் பேணியில் இருந்தது ஏலக்காய்த்தூள். எங்கள் குசினியில் அதே இடத்தில் இருப்பது மிளகாய்த்தூள்! குறிப்பு தமிழில்தான் இருக்கிறது, வாசிக்க மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை. ஆனாலும் எழுதியபடி செய்தால் வட்டிலாப்பம் வாயில் வைக்க முடியாமல் போய்விடும்.

எக்ஸ்பொக்ஸ் விளையாட்டின் கதையும் இதுதான். அதன் பொறிமொழி அறிவுறுத்தல்களை எங்கள் கணினியின் முறைவழியாக்கி நேரடியாகவே வாசிக்கும். கூட்டு, ஒப்பிடு, இந்த இடத்துக்குத் தாவு என்பவற்றில் எந்தச் சிக்கலும் இல்லை. சிக்கல் எல்லாம் பேணிகள் இருக்கும் இடத்தில்தான். எக்ஸ்பொக்ஸில் வரைவியல் சில்லின் கட்டுப்பாட்டுப் பதிவகங்கள் 4,244,635,648 என்ற முகவரியிலிருந்து தொடங்குகின்றன. விளையாட்டு அந்த முகவரியில் ஓர் எண்ணை எழுதினால் திரையில் ஏதோ வரையப்படும். 32 பிற் விண்டோஸில் ஒரு செய்நிரலுக்கு வழக்கமாகக் கிடைப்பது முகவரி வெளியின் கீழ்ப் பாதியான 2 கிகாபைற்று மட்டுமே. மேலே உள்ள இடம் பணிசெயல் முறைமைக்கு உரியது. அங்கே கைவைத்த செய்நிரலை விண்டோஸ் உடனே நிறுத்திவிடும்.

இன்னொன்று அதிகாரம். எக்ஸ்பொக்ஸில் விளையாட்டு, வன்பொருளை நேரே ஆளும் கரு நிலையிலேயே ஓடியது. அந்த வீட்டில் அதுதான் எசமானி. கணினியில் அது விருந்தாளி. வன்பொருளைத் தொடும் சிறப்பு அறிவுறுத்தல்களை விருந்தாளி உச்சரித்தால் முறைவழியாக்கியே மறுத்துவிடும். எனவே எமுலேற்றர் ஒவ்வொரு மறுப்பையும் பிடித்து, "இவள் என்ன கேட்க வந்தாள்?" என்று ஆராய்ந்து, பதிலைத் தயாரித்துக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

நினைவகத்தைப் பார்த்தபோதுதான் எனக்கு உண்மையில் வியப்பு வந்தது. எக்ஸ்பொக்ஸில் இருந்தது மொத்தமே 64 மெகாபைற்று. அதை முறைவழியாக்கியும் என்விடியா தயாரித்த வரைவியல் சில்லும் பங்கிட்டுக்கொண்டன. ஒன்று எழுதியதை மற்றது அதே இடத்தில் வாசிக்கும். தனி வரைவியல் அட்டை கொண்ட கணினியில் அட்டைக்கென்று வேறு நினைவகம் உண்டு. விளையாட்டு ஒரு சுவரின் நிறத்தைச் சத்தமில்லாமல் மாற்றினால் அட்டைக்கு அது தெரியாது. ஆகவே எமுலேற்றர் நினைவகப் பக்கங்களைக் காவல் காத்து, மாறியவற்றை மறுபடி மறுபடி பிரதிசெய்து அனுப்ப வேண்டும். கணினியின் வேகத்தில் பெரும் பங்கு இத்தகைய வேலைகளிலேயே கரைகிறது.

வேகம் கூடியதும் சில வேளை தொல்லைதான். முறைவழியாக்கியில் ஓயாது எண்ணிக்கொண்டிருக்கும் ஓர் எண்ணி உண்டு. எக்ஸ்பொக்ஸில் அது விநாடிக்கு ஏறக்குறைய 73 கோடி எண்ணும். அதைப் பார்த்து நேரம் கணிக்கும் விளையாட்டொன்றை 3 கிகாஹேற்ஸ் கணினியில் அப்படியே ஓடவிட்டால் ஒரு விநாடியை நான்கு விநாடி என்று நினைத்துக்கொள்ளும். இந்த அறிவுறுத்தலை முறைவழியாக்கி மறுக்காமல் நிறைவேற்றிவிடும் என்பதே ஆபத்து. மொழி தெரிந்தவளிடம் தவறான செய்தி தடையின்றிப் போய்ச் சேர்வது போல.

இதற்கு இரண்டு வழிகளில் தீர்வு தேடினார்கள். சிஎக்ஸ்பிஎக்ஸ் என்ற எமுலேற்றர், அறிவுறுத்தல்களை முறைவழியாக்கியிலேயே நேராக ஓடவிட்டு, வரைவியல் நூலகத்தை அழைக்கும் இடங்களை மட்டும் வழிமறித்தது. "இடப்பக்கப் பேணி என்றால் ஏலக்காய்" என்று கருத்தைப் பிடித்துக் கொடுக்கும் முறை அது. ஆனால் அந்த நூலகம் ஒவ்வொரு விளையாட்டுக்குள்ளும் சேர்த்தே தைக்கப்பட்டிருந்தது. பதிப்புக்குப் பதிப்பு வேறுபட்டது. ஒரு விளையாட்டுக்குச் சரியான ஊகம் அடுத்ததற்குப் பிழைத்தது. மற்றது, உம்மும்மாவின் குசினியையே றாக்கை றாக்கையாகத் திரும்பக் கட்டுவது. 2020இல் வெளிவந்த எக்ஸ்எமு செய்வது அதைத்தான். அது வழக்கமாக அறிவுறுத்தல்களைக்கூட நேராக ஓடவிடாமல் துண்டு துண்டாக மொழிபெயர்த்தே இயக்குகிறது. ஒரே குடும்ப முறைவழியாக்கி என்ற அனுகூலத்தைக் கைவிட்ட வழிதான் கூடுதல் பலன் தந்தது என்பது எங்கள் தோழியின் கேள்விக்கு நேர்மாறான விடை.

அதே 2001இல் வந்த நின்டெண்டோவின் கேம்கியூப் பெட்டியில் இருந்தது பவர்பிசி. கணினிக்கு முற்றிலும் அந்நியமான முறைவழியாக்கி. ஆனால் 2003இல் தொடங்கிய டொல்பின் எமுலேற்றர் அதன் விளையாட்டுகளை எக்ஸ்பொக்ஸுக்கு வெகு முன்னரே நன்றாக ஓட்டிவிட்டது. எக்ஸ்பொக்ஸின் சொந்தக்காரர்களுக்கும் வேலை இலகுவாக இருக்கவில்லை. 2017இல் எக்ஸ்பொக்ஸ் வன் பெட்டியில் பழைய விளையாட்டுகளை அனுமதித்தபோது முதலில் வந்தவை 13 மட்டுமே.

அதற்காக ஒத்த முறைவழியாக்கியால் ஒருபோதும் பயனில்லை என்று சொல்லிவிட முடியாது. 1990களில் அமிகா கணினியில் மெக்கின்டோஷ் மென்பொருளை ஓட்டிய ஷேப்ஷிப்டர் அழகாக வேலை செய்தது. இரண்டிலும் மோட்டரோலா 68000 குடும்பமே. மெக்கின்டோஷ் செய்நிரல்கள் பெரும்பாலும் வன்பொருளைத் தொடாமல், இயந்திரத்தின் ரொம் நினைவகத்திலிருந்த நடைமுறைகளிடம் கேட்டே காரியம் செய்தன. பேணியின் இடத்தைச் சொல்லாமல் "ஏலக்காய்" என்றே எழுதிய குறிப்பு அவை. எங்கள் செய்நிரல் ஒப்படைகளில் கோப்பின் முழுப் பாதையையும் அப்படியே எழுதிவிட்டு, வேறு கணினியில் ஓடவில்லையே என்று விழிக்கும் தோழியர் இதைச் சற்று யோசிக்கலாம். (நானும் அவர்களில் ஒருத்திதான்.)

இது விளையாட்டுப் பிள்ளைகளின் விவகாரம்தானே என்று தோன்றலாம். ஆனால் பெட்டிகள் சாகின்றன. எக்ஸ்பொக்ஸின் கடைசி வகைக்கு முந்தியவற்றில் கடிகாரத்துக்கு மின் தரும் சிறிய கொள்ளளவி ஒன்று காலப்போக்கில் கசிந்து, சுற்றுப்பலகையை அரித்துவிடுகிறது. பெட்டி பயன்படாமல் அலுமாரியில் கிடந்தாலும் கசியும். எக்ஸ்எமு இயங்குவதற்கோ பெட்டியின் தொடக்கச் செய்நிரல்களின் பிரதி வேண்டும். அவற்றுள் ஒன்று வெறும் 512 பைற்று. இந்தக் கட்டுரையின் ஒரு பந்தியைவிடச் சிறியது. அவை பதிப்புரிமை உள்ளவை என்பதால் எமுலேற்றரோடு தரப்படுவதில்லை. சொந்தப் பெட்டி வைத்திருப்பவர் பலகை அரிக்கப்படுவதற்கு முன் தானே அவற்றை எடுத்துவைத்துக்கொள்ள வேண்டும்.