வாடகை வீடும் வரைபடத்தில் இல்லாத சுவரும்



படுக்கையறை எங்கே, சமையலறை எந்தப் பக்கம், சன்னல் எத்தனை அடி என்றெல்லாம் ஸ்கேல் பிடித்து வரையக் கற்கிறோம். அந்த வீட்டுக்குள் யாரைக் குடிவைப்பார்கள், யாரை வாசலோடு அனுப்புவார்கள் என்பது மட்டும் எந்தப் பாடத்திலும் இல்லை. அதைப் பற்றிய சிறு பாடமே இக்கட்டுரை.

பட்டறிவு

முதலாண்டில் விடுதியில் இடம் கிடைக்காமல் நானும் என் வகுப்புத் தோழனும் புதுக்கோட்டையில் ரூம் தேடி அலைந்தோம். ஒரு வீட்டில் மாடி ரூம் காலி. வீட்டுக்கார அம்மா அன்பாகத்தான் பேசினார்கள். "எந்த ஊரு தம்பி? ஊர்ல எந்தத் தெரு?" தோழன் தன் தெருவைச் சொன்னான். "அவுக வரட்டும், கேட்டுட்டுச் சொல்றேன்" என்றார்கள். மறுநாள் போனோம், "ஆள் வந்தாச்சு" என்று பதில். என்னை மட்டும் தனியே அழைத்து, "நீ வேணும்னா வந்துக்க தம்பி" என்றார்கள். பதினைந்து நாள் கழித்தும் 'வீடு வாடகைக்கு' அட்டை அங்கேயே தொங்கியது.

நான் அங்கே குடிபோகவில்லை. ஆனால் ஏன் இப்படி என்று ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை. தோழன் ஊரிலிருந்து தினமும் இரண்டு பஸ் மாறி வந்தான். முதல் பீரியடு போச்சு, வருகைப்பதிவு குறைந்தது, இரண்டு பேப்பர் அரியர் விழுந்தது. ஒரு ரூம் கிடைக்காததன் விலை அது.

ஊரும் காலனியும்

"எந்தத் தெரு?" என்று கேட்டாலே சாதி தெரிந்துவிடுகிறதே, ஏன்? நம் கிராமங்களில் ஊர் வேறு, காலனி வேறு. குடியிருப்பு பிரிந்தால் தண்ணீர்த் தொட்டி பிரியும், சுடுகாடு பிரியும். 2022 டிசம்பரில் நம் மாவட்டத்து வேங்கைவயலில், பட்டியல் சாதி மக்களின் மேல்நிலைத் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது தெரியவந்தது. விசாரிக்கப் போன மாவட்ட ஆட்சியர் அங்கே டீக்கடையில் தனிக் குவளையும் கோயிலில் தடையும் இருந்ததைக் கண்டார். வழக்கு சி.பி.சி.ஐ.டி.க்குப் போனது. 2025 சனவரியில் அதே குடியிருப்பைச் சேர்ந்த மூவர் மீது குற்றப்பத்திரிகை தாக்கலானது. அதை அம்மக்கள் ஏற்கவில்லை. குற்றவாளி யார் என்பது நீதிமன்றத்தின் வேலை. தொட்டியே தனியாக இருக்கும்படி ஊரை வகுத்தது யார் என்பது நம் எல்லாருக்குமான கேள்வி.

சமத்துவபுரம்

இதற்கு மாற்றாக 1997-இல் தமிழக அரசு கொண்டுவந்ததுதான் பெரியார் நினைவு சமத்துவபுரம். முதலாவது மதுரை மாவட்டம் மேலக்கோட்டையில் 1998-இல் திறக்கப்பட்டது. ஒவ்வொன்றிலும் 100 வீடுகள்: ஆதிதிராவிடர் 40, பிற்படுத்தப்பட்டோர் 25, மிகவும் பிற்படுத்தப்பட்டோர் 25, இதர வகுப்பினர் 10. வீடுகள் கலந்தே ஒதுக்கப்பட்டன. நம் மாவட்டத்திலும் இவை உண்டு. ஆனால் அரசு கட்டும் 100 வீட்டில் இது முடியும். தனியார் மாடி ரூமுக்கு என்ன வழி?

சட்டம்

1955-ஆம் ஆண்டின் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம், 4-ஆம் பிரிவில், தீண்டாமை காரணமாக ஒருவர் எந்தப் பகுதியிலும் வீடு கட்டுவதையோ வாங்குவதையோ குடியிருப்பதையோ தடுத்தால் ஒரு மாதம் முதல் ஆறு மாதம் வரை சிறை என்கிறது. ஆனால் மதத்தைச் சொல்லித் தனியார் ஒருவர் வாடகைக்கு மறுத்தால், அதை நேரடியாகத் தண்டிக்கும் சட்டம் இல்லை. தமிழ்நாட்டில் 2019-இல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம் எழுத்து ஒப்பந்தம் வேண்டும் என்கிறது. பாகுபாட்டைப் பற்றிப் பேசவில்லை.

இருக்கிற சட்டத்துக்கும் சாட்சி வேண்டுமே! "ஆள் வந்தாச்சு" என்று சொன்னால் எப்படி நிரூபிப்பது? அமெரிக்காவில் மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட ஒரே வாரத்தில், 1968 ஏப்ரலில், வீட்டுவசதிப் பாகுபாட்டுத் தடைச் சட்டம் வந்தது. அங்கே ஒரே வருமானமுள்ள ஒரு கறுப்பரையும் ஒரு வெள்ளையரையும் அதே வீட்டைக் கேட்க அடுத்தடுத்து அனுப்பி, இருவருக்கும் கிடைக்கும் பதிலை ஒப்பிடுகிறார்கள். நானும் என் தோழனும் தெரியாமலே அந்தச் சோதனையைச் செய்திருக்கிறோம்!

நாம் செய்யக்கூடியவை

1. எல்லாருக்கும் வாடகைக்குத் தரச் சம்மதிக்கும் வீட்டுக்காரர் பட்டியலை மாணவர் பேரவை தயாரித்து, ஆண்டுத் தொடக்கத்திலேயே நோட்டீஸ் போர்டில் ஒட்டலாம்.

2. வாடகை ஒழுங்காக வரும் என்று பேரவையே பொறுப்பேற்றால் பாதி வீட்டுக்காரர்களின் தயக்கம் தீரும். மீதிப் பாதி எதனால் என்பது அப்போது வெளிச்சமாகும்.

3. மறுக்கப்பட்டால் தேதி, நேரம், சொன்ன வார்த்தை மூன்றையும் அன்றே எழுதி வையுங்கள். பட்டியல் சாதியினருக்கும் பெண்களுக்கும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச சட்ட உதவி உண்டு.

4. கூடப் போகிறவர் வாயைத் திறக்க வேண்டும். நான் செய்யத் தவறியது இதுதான்.

1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தில் கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஓட்டக் கற்ற மாவட்டம் இது. "பொம்பளை சைக்கிள் ஓட்டுறதா?" என்ற ஊர்தான் பிறகு பழகிக்கொண்டது. இதுவும் பழகும். நாளை நாம் வரையும் ஒவ்வொரு வீட்டுக்கும் கதவு வைப்போம். அது எல்லாருக்கும் திறக்கிறதா என்றும் பார்ப்போம்.