துபாய் வீடும் வாரிசுரிமையும்

துபாயில் நம் நாட்டவர் அடுக்குமாடி வீடு வாங்க 2006-ம் ஆண்டின் 7-வது சட்டம் வழி செய்தது. ஆட்சியாளர் குறித்துள்ள பகுதிகளில் மட்டுமே இவ்வனுமதி உண்டு. ஆனால் பத்திரங்கள் யாவும் ஒரே தன்மையின அல்ல. ஒன்று முழு உடைமை. மற்றொன்று 99 ஆண்டு வரையிலான அனுபோக உரிமை அல்லது குத்தகை. நம்மவர்கள் இரண்டையுமே 'வீடு வாங்கினேன்' என்று சொல்லிக் கொள்கிறார்கள்! மார்க்கச் சட்டத்தில் முன்னது கிரயம்; பின்னதை இஜாராவாகவே நாம் கொள்ள வேண்டும்.

வாங்கியவர் மவ்த்தாகிவிட்டால்? கிரயத்தில் சிக்கலில்லை. கடனும் வஸிய்யத்தும் போக மீதி வாரிசுகளுக்குரியது. இஜாராவில்தான் இமாம்கள் கருத்து வேறுபடுகின்றனர். ஷாஃபிஈ மத்ஹபில் குத்தகைதாரரின் மரணத்தால் ஒப்பந்தம் முறியாது. எஞ்சிய காலத்தின் பயன் வாரிசுச் சொத்தாகும். 99-ல் 20 ஆண்டு கழிந்திருந்தால் மீதி 79 ஆண்டுகளிலும் பிள்ளைகளுள்ள மனைவிக்கு எட்டில் ஒன்று உண்டு. மகனுக்குரியதில் பாதி மகளுக்கு உண்டு. "அது வாடகை வீடுதானே, அங்கிருக்கும் அண்ணனே வைத்துக் கொள்ளட்டும்" என்று ஊரிலிருக்கும் தாயையும் சகோதரிகளையும் ஒதுக்கிவிடக் கூடாது.

ஹனஃபீ மத்ஹபில் ஒப்பந்தம் முறிந்துவிடும். அப்போதும் முன்கூட்டிக் கொடுத்த தொகையில் எஞ்சிய காலத்துக்குரியது திரும்ப வரவேண்டியதே. அந்தப் பணமும் எல்லா வாரிசுகளுக்கும் உரியது, அண்ணனுக்கு மட்டுமன்று.