டெமோ கிளாஸில் போடி மேப்பை விரியுங்கள்

சோஷியல் சயின்ஸ் ஆசிரியர் வேலைக்குப் போட்டி கடுமை. டெமோ கிளாஸில் பலரும் பாடப்புத்தகத்தை ஒப்பிக்கிறார்கள். தேனி, போடி, கம்பம் பக்கம் வேலை தேடுகிறீர்களா? உள்ளூர் மக்கள்தொகை மாற்றத்தை மேப்பில் நடத்திக் காட்டுங்கள். தேர்வு செய்யும் பேனல் உங்களை மறக்காது.

1. கேள்வியோடு தொடங்குங்கள். 2001-க்கும் 2011-க்கும் இடையில் தேனி மாவட்ட மக்கள்தொகை சுமார் 10.94 லட்சத்திலிருந்து 12.46 லட்சமானது. போடிமெட்டைத் தாண்டினால் கேரளாவின் இடுக்கி மாவட்டம். அங்கே சுமார் 11.29 லட்சம் 11.09 லட்சமாகக் குறைந்தது. நான்கு எண்களையும் போர்டில் எழுதி, "ஏன்?" என்று கேளுங்கள். மாணவர்கள் பேசட்டும்.

2. எல்லையைச் சரிபாருங்கள். உங்கள் மேப் 1951-இலிருந்து தொடங்கும்; அப்போது தேனி மாவட்டம் கிடையாது. போடி மதுரை மாவட்டத்தில் இருந்தது. இடுக்கி 1972-இல்தான் உருவானது. அதற்கு முன் தேவிகுளம், உடும்பஞ்சோலை, பீர்மேடு மூன்றும் கோட்டயம் மாவட்டம். மாவட்டக் கணக்கை அப்படியே ஒப்பிட்டால் விடை தப்பாகும். தாலுகா கணக்கை எடுத்துக் கூட்டுங்கள். பேனல் குறுக்குக் கேள்வி கேட்கும் இடம் இதுதான்.

3. மூன்று மேப் போதும்: 1951, 1981, 2011. மூன்றுக்கும் ஒரே அளவு, ஒரே நிற வரிசை. எண்கள் சென்சஸ் வெளியிடும் மாவட்டக் கையேடுகளில் இலவசம். வரைய க்யூஜிஐஎஸ் சாஃப்ட்வேர், அதுவும் இலவசம். லேப்டாப் இல்லையென்றால் டிரேசிங் பேப்பர் எடுங்கள்.

4. நிறத்துக்கு அடர்த்தி, வட்டத்துக்கு எண்ணிக்கை. மொத்தத் தொகைக்கு நிறம் தீட்டினால், பரப்பில் பெரிய மலைத் தாலுகா ஆள் நெரிசல் மிகுந்ததுபோலத் தெரியும்.

5. காரணங்களை வரிசையாகச் சொல்லுங்கள். 1940-களில் உணவுப் பஞ்சத்தால் திருவிதாங்கூர் அரசு இடுக்கி மலையில் பயிர் செய்ய மக்களைத் தூண்டியது. 1950-களில் குடியேற்றத் திட்டங்கள் வந்தன. மலை நிரம்பியது. பிறகு குடும்பங்கள் சிறுத்தன; படிப்புக்கும் வேலைக்கும் இளைஞர்கள் வெளியேறினார்கள்.

6. மேப்பில் வராதவர்களைக் காட்டுங்கள். காலையில் ஜீப்பில் ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஏறி, மாலையில் போடிக்கு இறங்கும் தொழிலாளர்களை சென்சஸ் குடியிருக்கும் ஊரில்தான் எண்ணும். அவர்களுக்கு ஓர் அம்புக்குறி போடுங்கள். மாணவர்கள் பலருக்கும் அது அம்மாவின் பாதை. வகுப்பு உங்கள் பக்கம் திரும்பும்.

7. வேலையை ஃபைலாக்குங்கள். மூன்று மேப், ஒரு பக்க லெசன் பிளான், எண்கள் எடுத்த இடம்: ஒரே பிடிஎஃப். ரெஸ்யூமேயோடு அனுப்புங்கள். 2021 சென்சஸ் நடக்கவில்லை, அடுத்தது 2027. புதிய எண்கள் வரும் வாரத்திலேயே நான்காவது மேப்பைச் சேர்த்துவிடுங்கள். மற்றவர்கள் அப்போதுதான் முதல் மேப்பைத் தேடிக்கொண்டிருப்பார்கள்.