பாடம் 8: சிரிக்கும் யானையும் வணங்கும் குதிரையும்

கற்றல் நோக்கங்கள்
- விலங்குகளின் உறுப்புகளைக் குறிக்கும் தமிழ்ச் சொற்களை அறிதல்.
- செய்முறையைப் படித்துணர்ந்து, படிப்படியாகச் செய்தல்.
- கேலிச்சித்திரத்திற்கும் ஏளனத்திற்கும் உள்ள வேறுபாட்டை உணர்தல்.

பாடம்

மாணவச் செல்வங்களே! செய்தித்தாளில் ஒரு தலைவரின் மூக்கை மிக நீளமாகவோ, கண்ணாடியை மிகப் பெரிதாகவோ வரைந்த படத்தைப் பார்த்திருப்பீர்கள். அதனைக் கேலிச்சித்திரம் என்கிறோம். ஒருவரை அடையாளம் காட்டும் இயல்பு எது என்று கண்டுபிடித்து, அதனை மட்டும் பெரிதாக்குவது இக்கலையின் அடிப்படை.

இந்தியக் கேலிச்சித்திரக் கலையின் தந்தை எனப் போற்றப்படுபவர் சங்கர். கேசவ சங்கரப் பிள்ளை என்பது அவரது முழுப்பெயர். 1902ஆம் ஆண்டு காயங்குளத்தில் பிறந்த அவர், நாம் வாழும் இத்திருவனந்தபுரத்தில் மகாராஜா அறிவியல் கல்லூரியில் பயின்றவர். பள்ளிப் பருவத்தில், வகுப்பில் உறங்கிக்கொண்டிருந்த ஆசிரியர் ஒருவரை அவர் வரைந்துவிட்டார் என்றும், தலைமையாசிரியர் சினம் கொண்டார் என்றும், அவருடைய மாமாவோ அப்படத்தில் இருந்த திறமையைக் கண்டு ஊக்கமளித்தார் என்றும் கூறுவர். பின்னாளில் தில்லி சென்ற சங்கர், 1948இல் ‘சங்கர்ஸ் வீக்லி’ என்னும் இதழைத் தொடங்கினார். நாட்டின் தலைமையமைச்சராக இருந்த நேருவையும் அவருடைய தூரிகை விட்டுவைக்கவில்லை. ஆயினும் நேரு அவரை வெறுக்கவில்லை, நண்பராகவே போற்றினார்.

அதற்குக் காரணம் உண்டு. சங்கரின் படங்கள் ஒருவரின் செயலைக் கேலி செய்தன. செயலைக் கேலி செய்தால் வரையப்பட்டவரும் சேர்ந்து சிரிக்கலாம். ஒரு தோழனின் நிறத்தையோ, உடலின் பருமனையோ, பேசும் மொழியையோ கேலி செய்து படம் வரைந்தால், வகுப்பில் சிலர் சிரிப்பர். அவன் மட்டும் சிரிக்கமாட்டான். ஊர் விட்டு ஊர் வந்து படிக்கும் நமக்கு அவ்வலி புதிதன்று. ஆகவே, ஒருவர் மட்டும் சிரிக்க முடியாத படம் நல்ல கேலிச்சித்திரம் ஆகாது.

சிறுவர்கள் விலங்குப் பாத்திரத்திலிருந்து வரையத் தொடங்குவது நன்று. யானையின் காதை எவ்வளவு பெரிதாக வரைந்தாலும் யார் மனமும் நோகாது. மேலும், எதைப் பெரிதாக்குவது என்று முடிவு செய்ய, அவ்விலங்கை முதலில் உற்று நோக்க வேண்டியிருக்கும். கை பழகுவதோடு கண்ணும் பழகும்.

இந்திய இரயில்வே 150 ஆண்டுகளைக் கொண்டாடிய வேளையில், 2002ஆம் ஆண்டு ‘போலு’ என்னும் யானைப் பாத்திரம் அறிமுகமாயிற்று. தேசிய வடிவமைப்பு நிறுவனம் அதனை உருவாக்கியது. போலு இரயில் பாதுகாவலர் உடையணிந்து, கையில் பச்சை விளக்கை ஏந்தி நிற்கும். காட்டு விலங்கான யானையை இரயில் ஊழியராக்கியவை அவ்வுடையும் விளக்குமே.

2022ஆம் ஆண்டு மாமல்லபுரத்தில் 44ஆவது சதுரங்க ஒலிம்பியாட் நடைபெற்றது. இந்தியாவில் அப்போட்டி நடைபெற்றது அதுவே முதன்முறை. அதன் சின்னமாக விளங்கிய ‘தம்பி’யை நீங்கள் அறிவீர்கள். சதுரங்கக் காய்களுள் ஒன்றான குதிரையின் தலை. இடையில் வேட்டி, மேலே சட்டை. வணக்கம் கூறும் கூப்பிய கைகள். உலகெங்கிலுமிருந்து வந்த வீரர்கள், தமிழ் படிக்கத் தெரியாதவர்களாக இருந்தும், அக்குதிரை தமிழ்நாட்டுக் குதிரை என்பதை உடையாலும் கைகளாலும் அறிந்துகொண்டனர். பெயரும் பொருத்தமானது. நாம் உடன்பிறந்த இளையவனை மட்டுமா தம்பி என்கிறோம்? கடைத்தெருவில் முன்பின் அறியாத சிறுவனையும் தம்பி என்றே அன்புடன் அழைக்கிறோம் அல்லவா?

ஆக, நல்ல விலங்குப் பாத்திரத்திற்கு நான்கு வேண்டும்: விலங்கின் தனி அடையாளம், உடை, கையில் ஒரு பொருள் அல்லது ஒரு செய்கை, அழைக்க இனிய பெயர்.

செய்முறை: யானை நண்பனை வரைவோம்

1. எழுதுகோலை அழுத்தாமல், தாளின் மேற்பாதியில் ஒரு பெரிய வட்டம் இடுக. இது தலை. சிறு குழந்தைக்கு உடலை நோக்கத் தலை பெரிதாக இருப்பதுபோல், பாத்திரத்தின் தலையும் பெரிதாக இருந்தால் பார்ப்போர்க்கு அன்பு தோன்றும்.

2. அதன் கீழே, சற்றுச் சிறிய நீள்வட்டம் ஒன்று இடுக. இது உடல்.

3. ஆய்த எழுத்தைத் தலைகீழாக எண்ணிப் பாருங்கள். மேலே இரு புள்ளிகள், கீழே ஒரு புள்ளி. மேற்புள்ளிகள் கண்கள், கீழ்ப்புள்ளி துதிக்கை தொடங்கும் இடம். கண்களை வட்டத்தின் நடுக்கோட்டிற்குச் சற்றுக் கீழே, ஒன்றற்கொன்று விலகி அமையுமாறு வைத்தால் முகம் இளமையாகத் தோன்றும்.

4. கீழ்ப்புள்ளியின் இருபுறத்திலிருந்தும் துதிக்கையை வளைத்து இறக்குக. மேலே அகலமாகவும் நுனியில் ஒடுங்கியும் இருக்கட்டும். துதிக்கையில் எலும்பு இல்லை. ஆகவே எப்படி வளைத்தாலும் பிழையில்லை. நுனியை மேல்நோக்கி வளைத்தால் மகிழ்ச்சி, தொங்கவிட்டால் சோர்வு.

5. தலையின் இருபுறமும் முறம் போன்ற காதுகளை வரைக. நம் நாட்டு யானையின் காதுகள் ஆப்பிரிக்க யானையின் காதுகளைவிடச் சிறியவை. ஆயினும் நம் படத்தில் அவற்றைப் பெரிதாக்கலாம். அதுவே கேலிச்சித்திரத்தின் உரிமை.

6. கால்களுக்கு ‘ப’ என்னும் எழுத்தை இருமுறை எழுதுக. அடியில் அரைவட்ட நகங்களை இடுக.

7. இப்போது உடை அணிவிக்கவும். கையில் குடையோ, புத்தகப் பையோ, பூக்கூடையோ கொடுக்கவும்.

8. வேண்டிய கோடுகளின்மேல் கருமையாக வரைந்து, மற்றவற்றை அழிப்பானால் நீக்கி, வண்ணம் தீட்டுக.

ஒருவர் படத்தைப் பார்த்து மற்றவர் வரைய வேண்டா. முப்பது மாணவர் வரைந்தால் முப்பது யானைகள் பிறக்க வேண்டும். கோடு சற்றுக் கோணினால் அழித்துவிடாதீர்கள். அக்கோணலே உங்கள் யானையைப் பிறர் யானையிலிருந்து வேறுபடுத்திக் காட்டக்கூடும்.

மொழியை அறிவோம்

தமிழில் ‘எழுது’ என்னும் சொல் முற்காலத்தில் எழுத்தை எழுதுவதையும் ஓவியம் தீட்டுவதையும் குறித்தது. கண்ணுக்கு மை தீட்டுவதும் ‘கண்ணெழுதுதல்’ எனப்பட்டது. எனவே ஓவியம் பழகும் கை, எழுத்தையும் அழகுற எழுதும்.

உங்கள் மலையாள நண்பர்கள் நாள்தோறும் ‘செவி’ என்று கூறுவதைக் கேட்டிருப்பீர்கள். அது நம் சொல்லுமாகும். தமிழில் பேச்சில் ‘காது’ என்கிறோம். செய்யுளிலும் செந்தமிழ் உரைநடையிலும் ‘செவி’ என்கிறோம். ‘வால்’ என்பதோ இரு மொழியிலும் வாலே. அண்டை வீட்டு மொழியைக் கேட்கும்போது, நம் வீட்டுப் பழஞ்சொல் அங்கே புழங்குவதைக் கண்டு மகிழலாம்.

சொற்பொருள்
துதிக்கை – யானையின் கை போன்ற நீண்ட மூக்கு
தந்தம் – யானையின் நீண்ட வெண்ணிறப் பல்
பிடரி – கழுத்தின் பின்புறம்
குளம்பு – குதிரை, பசு முதலியவற்றின் பாதம்
முறம் – தானியம் புடைக்கும் கருவி
ஏளனம் – இழிவாகப் பேசிச் சிரித்தல்

பயிற்சிகள்

அ) கோடிட்ட இடங்களை நிரப்புக.
1. சங்கர் பிறந்த ஊர் ________.
2. போலுவின் கையில் இருப்பது ________ விளக்கு.
3. துதிக்கையில் ________ இல்லை.

ஆ) ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. நல்ல விலங்குப் பாத்திரத்திற்கு வேண்டிய நான்கு யாவை?
2. ‘தம்பி’யைத் தமிழ்நாட்டுக் குதிரை என்று எவ்வாறு அறிகிறோம்?
3. கேலிச்சித்திரம் எப்போது ஏளனமாக மாறுகிறது?

இ) உற்று நோக்கி எழுதுக.
விடுமுறை நாளில் பெற்றோருடன் நம் நகரின் உயிரியல் பூங்காவிற்குச் செல்க. நீர்யானையையோ நீங்கள் விரும்பும் வேறொரு விலங்கையோ பத்து நிமிடம் பார்க்கவும். அதன் தனி அடையாளங்கள் மூன்றினைத் தமிழில் எழுதுக.

ஈ) செயல்திட்டம்
நீங்கள் பார்த்த விலங்கைப் பாத்திரமாக வரைந்து, உங்கள் சொந்த ஊரின் உடையையோ பொருளையோ அதற்கு அளிக்கவும். தமிழ்ப் பெயர் சூட்டி, அது தன்னை அறிமுகம் செய்துகொள்வதுபோல் ஐந்து தொடர்கள் எழுதுக. ஊரில் இருக்கும் தாத்தா பாட்டிக்கு அதனை அஞ்சலில் அனுப்புக. அவர்கள் படத்தைப் பார்த்துச் சிரிப்பார்கள். உங்கள் எழுத்தைப் படித்து மகிழ்வார்கள்.