வளவில் ஒரு விறகுப் போறணை

கேள்வி: வீட்டு வளவில் பீட்சாவும் பாணும் சுட விறகுப் போறணை கட்ட விரும்புகிறோம். கிணறு வெட்டியபோது வந்த சுண்ணக்கல் குவிந்து கிடக்கிறது. அதைப் பாவிக்கலாமா?
- வாசகர், சுன்னாகம்

பதில்: நெருப்புப் படும் இடத்தில் வேண்டவே வேண்டாம். சுண்ணக்கல் 800, 900 பாகை சூட்டில் நீறாகும். பிறகு ஈரம் பட்டால் பூத்து உதிரும். சுண்ணாம்புச் சூளையில் நடப்பதும் இதுதான். அந்தக் கல்லை அடிமேடைக்கு வையுங்கள், அதற்கு அருமையான கல்.

தளத்துக்குத் தீக்கல்லும் கூட்டுக்கு நன்றாக வெந்த செங்கல்லும் எடுங்கள். சீமெந்து 300 பாகைக்கு மேல் பலமிழக்கத் தொடங்கும் என்பதால், களிமண்ணும் மணலும் குழைத்த சாந்தால் மெல்லிய பொருத்து வைத்துக் கட்டுங்கள். உள்விட்டம் 90 சென்ரிமீற்றர் என்றால் கூட்டின் உயரம் 45, வாயின் உயரம் 28 போதும். வாயை உயர்த்தினால் சூடு நிற்காது. புகைபோக்கி கூட்டின் உச்சியில் அல்ல, வாய்க்கு மேலே வரவேண்டும்.

பலரும் கவனிக்காமல் விடுவது தளத்தின் அடிப்பகுதியைத்தான். அங்கே உமிச்சாம்பலைத் தடிப்பாகப் பரவாவிட்டால் சூடெல்லாம் மேடைக்குள் இறங்கிவிடும்.

பீட்சாவுக்கு நெருப்பை ஓரத்தில் எரியவிட்டே சுடவேண்டும். பாணுக்குத் தணலை வாரி எடுத்துவிட்டு, கல்லில் தங்கிய சூட்டில் வேகவையுங்கள். எங்கள் வெதுப்பகங்களின் பழைய முறையும் அதுவே.

மாரி முடிந்து தை, மாசியில் கட்டுங்கள். நன்றாகக் காயவிட்டு, ஒரு வாரம் சிறு நெருப்பு மட்டும் மூட்டுங்கள். மேலே கிடுகு வேண்டாம், தகரமே போடுங்கள்.