‘இஃப்’பும் ‘அன்லெஸ்’ஸும்

வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைக் கடைகளுக்கு வேலைக்குப் போகும் பிள்ளைகளே! 1954ஆம் ஆண்டுக் கடை, காரியாலய ஊழியர் சட்டப்படி வேலை விபரத்தை முதலாளி எழுத்தில் தரவேண்டும். அந்தக் கடிதத்தைப் படிக்கத்தான் இந்தப் பாடம்.

நாம் ‘செய்தால்’ என்று கடைசியில் ‘ஆல்’ போடுகிறோம். இங்கிலீஷில் ‘இஃப்’ முன்னுக்கு வரும். ‘இஃப் யூ வேர்க் லேட், வீ வில் பே எக்ஸ்ட்ரா’: பிந்தி நின்று வேலை செய்தால் மேலதிகக் காசு. ‘வில்’ மற்றப் பக்கத்தில்தான். ‘இஃப் யூ வில் வேர்க்’ என்று எழுதாதீர்கள்.

ஆளை விழுத்துவது ‘அன்லெஸ்’. ‘வீ வில் நாட் பே எக்ஸ்ட்ரா அன்லெஸ் யூ சைன் த புக்’ என்றால், புத்தகத்தில் கையெழுத்து வைக்காவிட்டால் அந்தக் காசு இல்லை. நம் லயத்துப் பையன் ஒருவன் முதல் வரியோடு நிறுத்திவிட்டு, மூன்று மாதக் காசை விட்டான்.

விளங்காவிட்டால் கையெழுத்துக்கு முன்பே கடிதத்தைக் கொண்டுவந்து காட்டுங்கள்.